திரையில் இல்லாத வட்டம்

கணினி சொல்லும் பாதையில் மரம் வெட்டும் என் சிஎன்சி மெஷினில், கட்டர் பிளைவுட்டில் வரைந்த வடிவத்தின் ஓரத்தை ஒட்டி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேர்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்துக்கு வந்ததும், திடீரென்று அங்கேயே ஒரு முழு வட்டம் அடித்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல மீதிப் பாதையில் கிளம்பிவிட்டது. நிறுத்தும் பட்டனுக்கு என் கை போவதற்குள் பிளைவுட்டில் 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கடி விழுந்திருந்தது.

மெஷினைத் திட்டவும் வழியில்லை. எங்கே நகர வேண்டும் என்று அதற்கு வரிவரியாகச் சொல்லும் கட்டளைகளை, அதாவது ஜி-கோடை, எழுதிக் கொடுத்தது என் நிரல்.

பகலில் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. இரவில் எழுதுவது இது: டிஎக்ஸ்எஃப் என்ற கோப்பு வடிவில் இருக்கும் வரைபடத்தைத் திறந்து, கட்டர் எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம் என்று சொன்னால் வெட்டும் பாதையைக் கணக்கிட்டுத் தரும் ஒரு சின்ன கேட்-கேம் (கணினி வழி வரைதல், வெட்டுதல்) நிரல். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறேன், கொஞ்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். ஃப்ரீகேட் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். 2002 முதல் வளர்ந்து, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்ட மென்பொருள் அது. என்னுடையதற்கு முப்பரிமாணமே தெரியாது. நானும் ஃப்ரீகேட்தான் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில் எழுத ஆரம்பித்தேன். அதற்கு மேல் காரணம் சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆசை வந்து மாட்டிக்கொண்ட இடம் ஆஃப்செட். கட்டருக்குத் தடிமன் உண்டு, அதனால் அதன் மையம் வரைபடக் கோட்டின் மேலேயே போகக்கூடாது, கட்டரின் ஆரம் அளவுக்குத் தள்ளிப் போக வேண்டும். கேட்க ஒரு வரி. முதலில் ஆங்கஸ் ஜான்சன் எழுதிய கிளிப்பர் என்ற நிரல் நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, எடுத்துப் பயன்படுத்தினேன். புள்ளிகளை முழு எண்களாக வைத்துக் கணக்கிடும் நூலகம். பைசாவை முழு எண்ணாக வைத்தே பழகிய எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் அதற்கு நேர்கோடு மட்டும்தான் தெரியும். வட்டம் கொடுத்தால் பொடிப்பொடிக் கோடுகளாகத் திரும்பி வரும். ஜி-கோடைப் படித்து என் மெஷினின் மோட்டார்களை ஓட்டும் மென்பொருளான கிரபிள், 2 கிலோபைட் நினைவகம் உள்ள ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்பலகையில் உட்கார்ந்திருக்கிறது. வரும் கட்டளைகளை வாங்கி வைக்க அதற்கு இருக்கும் இடம் 128 பைட். பொடிக்கோடுகளைக் கொட்டினால் திக்கித் திக்கி நகரும், நின்ற இடத்திலெல்லாம் மரம் கருகும். வில்லாகவே, அதாவது வட்டத்தின் ஒரு துண்டாகவே, கொடுத்தால் ஒரு வரி போதும். 0.002 மி.மீ. துல்லியத்தில் அதைத் துண்டு போடும் வேலையை கிரபிளே பார்த்துக்கொள்ளும்.

அதனால் வில்லை வில்லாகவே வைத்திருக்கும் ஆஃப்செட்டை நானே எழுதினேன். நேர்கோட்டைத் தள்ளினால் நேர்கோடு, வில்லைத் தள்ளினால் அதே மையத்தில் இன்னொரு வில். இதுவரை சுகம். வெளிமூலைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். அதை, மூலையை மையமாகவும் கட்டர் ஆரத்தை ஆரமாகவும் கொண்ட ஒரு வில்லால் நிரப்ப வேண்டும்.

கடி விழுந்த இடத்தில் மூலையே கிடையாது. கோடும் வளைவும் தொடுகோடாக, வழவழவென்று சேரும் இடம் அது. ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பில் தசம இடங்கள் வெட்டுப்பட்டிருந்ததால் இரண்டுக்கும் நடுவே 0.005 டிகிரி வித்தியாசம். என் நிரலுக்கு அதுவும் மூலைதான். 3 மி.மீ. ஆரத்தில், சுமார் 0.00026 மி.மீ. நீளத்தில் ஒரு வில்லைச் செருகிவிட்டது. ஜி-கோடில் நான் மூன்று தசம இடம்தான் அச்சிடுகிறேன். ஆரம்பப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒரே எண்ணாகிவிட்டன. வில் வெட்டச் சொல்பவை ஜி2, ஜி3 கட்டளைகள்; மையம் கொடுத்து எழுதும்போது அவற்றில் ஆரம்பமும் முடிவும் ஒன்றென்றால் அதற்கு அர்த்தம் முழு வட்டம்!

மையத்திலிருந்து இரண்டு முனைகளும் பொருந்தாத தூரத்தில் இருந்தால் கிரபிள் பிழை 33 என்று சொல்லி நிறுத்திவிடும். இங்கே இரண்டும் 3 மி.மீ., அதனால் மறுபேச்சில்லாமல் செய்தது. கட்டர் மையம் சுற்றிய ஆரம் 3, கட்டரின் சொந்த ஆரம் 3, ஆக 6. கடியை அளந்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. பலகை போன வருத்தத்தை அந்தச் சந்தோஷம் கொஞ்சம் மறைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவசரத்தில் போட்ட முதல் திருத்தம்: ஆரம்பமும் முடிவும் ஒன்றாக இருக்கும் வில்லைத் தூக்கிவிடு. இரண்டு வாரம் கழித்து ஒருவர் எழுதினார், "துளை எதுவுமே வெட்ட மாட்டேன் என்கிறது." வெட்டாதுதான். துளை என்றால் முழு வட்டம், அதற்கும் ஆரம்பமும் முடிவும் ஒன்றுதானே! இப்போது முதலில் தசமத்தை வெட்டிவிட்டு அப்புறம் ஒப்பிடுகிறேன். பொடி வில் என்றால் விட்டுவிடும். நிஜ வட்டத்தை இரண்டு அரைவட்டங்களாக எழுதும், குழப்பத்துக்கே இடமில்லை.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. வெட்டுவதற்கு முன் திரையில் பாதையை ஓட்டிப் பார்த்திருந்தேன், அதில் வட்டம் இல்லை. காரணம், திரைக்குப் போனது நினைவகத்தில் பதினைந்து இலக்கத் துல்லியத்தோடு இருந்த வில். மெஷினுக்குப் போனது மூன்று தசமம் மட்டுமே தெரிந்த எழுத்து. நான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் திரை காட்டிக்கொண்டிருந்தது, என்ன எழுதினேன் என்பதை அல்ல. அந்தப் பகுதியை முழுக்க அழித்து, எழுதி முடித்த கோப்பை வட்டிலிருந்து வரிவரியாகப் படித்து வரையும்படி மாற்றினேன். பழைய கோப்பைத் திறந்தேன். வட்டம் அங்கே நின்றது. மற்ற பழைய கோப்புகளிலும் தேடினேன், இன்னும் இரண்டில் இருந்தது. நல்லவேளை, அவற்றை இன்னும் வெட்டவில்லை.

இதற்கு நடுவில் நான் காதலித்த ஒரு விஷயம், டிஎக்ஸ்எஃப்பில் பல்ஜ் என்ற எண். வில்லின் மையக்கோணத்தில் கால்பங்கை எடுத்து அதன் டேன்ஜென்ட். அரைவட்டம் என்றால் 1, நேர்கோடு என்றால் 0, கடிகார திசையில் வளைந்தால் குறை எண். ஒரே எண்ணில் வளைவும் திசையும் அடக்கம். யார் யோசித்தாரோ, கை கொடுக்க வேண்டும்.

துளைக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார், இந்த முறை நீள்வட்டம் வேண்டுமாம். நீள்வட்டத்தை ஆஃப்செட் செய்தால் வருவது நீள்வட்டம் இல்லை, அதனால் அதைச் சின்னச் சின்ன வில்களாக உடைக்க வேண்டும். உடைத்தால் ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு கிட்டத்தட்டத் தொடுகோடு. சனிக்கிழமை ராத்திரி உட்காரப் போகிறேன், கழிவுப் பலகை ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறேன்.