ஒரே டிஸ்க்கில் இரண்டு சேர்வர் எழுதிய பின்னேரம்

மட்டக்களப்பில் நவம்பர் பிறந்தால் மழையும் கரண்ட் போவதும் சேர்ந்தேதான் வரும். நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தில் அதற்கென்றே யூபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் இருந்தன. ஒன்று விழுந்தால் மற்றது எழும்பட்டும் என்று இரண்டு சேர்வர்களைப் பேஸ்மேக்கர், கோரோசிங்க் என்ற மென்பொருள்களைப் போட்டுக் கிளஸ்டராக, அதாவது ஒரே கூட்டாக, கட்டியதும் நான்தான். இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு கேபிள் ஒரே டிஸ்க் பெட்டிக்குப் போகும். உறுப்பினர்களின் கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பின்னேரம் 3 மணியிருக்கும். செங்கலடிக் கிளையிலிருந்து காசாளர் தங்கச்சி போன் எடுத்தா. "அண்ணன், இப்பதான் ஒரு அம்மாவுக்கு 3,000 ரூபா வரவு வைச்சன். திரும்பத் திறந்தா மீதியில அது இல்ல." அதே கணக்கை வாழைச்சேனையில் திறக்கச் சொன்னேன். அங்கே 3,000 இருந்தது.

வயிறு கலங்கியது. முதல் சேர்வரைப் பார்த்தேன்: நான் ஓடுகிறேன், மற்றவன் செத்துவிட்டான் என்றது. இரண்டாவதைப் பார்த்தேன்: அதுவும் அதையே சொன்னது. இரண்டும் ஒரே ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு, ஒரே டிஸ்க்கை ஏற்றி, ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தன. இரண்டாவதன் பவர் கேபிளை அப்படியே இழுத்துப் பிடுங்கினேன்.

காரணம் சின்னது. சேர்வர்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் இதயத்துடிப்பு ஒரு குட்டிச் சுவிச் வழியாகப் போனது. அந்தச் சுவிச்சின் பிளக் யூபிஎஸ்ஸில் இல்லை, சுவரில் இருந்தது. இடியோடு கரண்ட் போனபோது அதன் அடாப்டரும் கருகிவிட்டது. எங்கள் அமைப்பில் இந்தத் துடிப்பைக் கவனிக்கும் கோரோசிங்க் காத்திருப்பது 1,000 மில்லி விநாடி. அதற்குள் பதில் வராததால் இரண்டாவது சேர்வர் 'அவன் போய்விட்டான்' என்று முடிவுகட்டி டிஸ்க்கை எடுத்துக்கொண்டது. முதலாவது சாகவில்லை. அதன் குரல் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை, டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பி எழுதப்பட்டது. எந்த இடம் காலி என்ற கணக்கைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். அந்தக் காலி இடத்தை மற்றவன் ஏற்கெனவே நிரப்பிவிட்டது இதற்குத் தெரியாது, மேலேயே எழுதும். போதாததற்கு, இரண்டாவது சேர்வர் ஏற்றும்போதே ஜர்னலை, அதாவது எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏட்டை, மறுபடி ஓட்டிவிட்டது, முதலாவது எழுதிக்கொண்டிருக்கும்போதே. கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டியும் தரவுத்தளம் திறக்கவில்லை. முந்தைய இரவின் பிரதியை மீட்டு, அன்றைய வரவு செலவுகளைப் பற்றுச்சீட்டுகளின் கார்பன் பிரதியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். மூன்று இரவு போனது. காவலாளி ஐயா தேத்தண்ணியோடு வந்து, "என்ன மனே, இன்னும் வீட்ட போகல்லயா?" என்று கேட்பார். 3,000 ரூபா போட்ட அம்மாவின் சீட்டு இரண்டாம் இரவில் கிடைத்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஸ்டோனித் என்ற பாதுகாப்பை நான் அணைத்து வைத்திருந்தேன். 'மற்றவனின் தலையில் சுடு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பேர்தான் கொடூரம், உள்ளே இருப்பது நியாயம்: மற்றவன் செத்தது உறுதியாகும் வரை டிஸ்க்கைத் தொடாதே. சோதனைக்கு அணைக்கலாம் என்று எங்கோ படித்து, பிறகு போடலாம் என்று விட்டிருந்தேன்.

திரும்பக் கட்டும்போது முதலில் ஐபிஎம்ஐ வழியாக, அதாவது சேர்வருக்குள் இருந்துகொண்டு தூரத்திலிருந்தே அதை அணைக்கவிடும் சின்னக் கருவி வழியாக, சுட வைத்தேன். ஒரு சேர்வர் மற்றதன் கரண்டையே நிறுத்திவிடும். சோதிக்க ஓடிக்கொண்டிருந்த சேர்வரின் இரண்டு பவர் கேபிளையும் கழற்றினேன். மற்றது எழும்பவே இல்லை. முகாமையாளர் பக்கத்தில் நின்று, "தம்பி, காப்பாத்த வேண்டிய நேரத்துல இது சும்மா நிக்குதே?" என்றார். கேபிள் போனால் ஐபிஎம்ஐயும் சேர்ந்தே அணைந்துவிடும். சுட்டது பட்டதா என்று தெரியாததால் அது டிஸ்க்கைத் தொட மறுத்தது. அந்தப் பிடிவாதம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அதனால் இரண்டாம் படியாக ஸ்கசி-3 முன்பதிவைச் சேர்த்தேன். ஒவ்வொரு சேர்வரும் டிஸ்க் பெட்டியில் தன் சாவியைப் பதிந்துவைக்கும். சந்தேகம் வந்தால் மிஞ்சியவன் மற்றவனின் சாவியை அழித்துவிடுவான். அதன் பிறகு மற்றவன் உயிரோடு இருந்தாலும், தொங்கிக் கிடந்து திடீரென்று விழித்தாலும், அவன் எழுதுவதைப் பெட்டியே ஏற்காது. என் கையால் ஒரு சாவியை அழித்துப் பார்த்தேன். அடுத்த கணமே அந்தச் சேர்வரின் திரையில் 'ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்' (முன்பதிவு மோதல்) என்று வரிவரியாக ஓடியது. அவ்வளவு நிம்மதி தந்த பிழைச்செய்தியை நான் பார்த்ததில்லை. ஆனால் திரும்பி வரும் சேர்வரின் சாவியை மறுபடி பதியவைக்கும் அன்ஃபென்சிங் அமைப்பை மறந்துவிட்டேன். மறுபடி துவங்கிய சேர்வர் தன் சாவியைப் பதியாமலே நின்றதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

இன்னொரு சோதனையில் இதயத்துடிப்புக் கேபிளை மட்டும் கழற்ற, இரண்டும் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் சுட்டு இரண்டும் அணைந்தன. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் வாக்கெடுப்பு நடத்த முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம், கல்லடிக் கிளையில் இருந்த சின்னக் கணினி ஒன்றில் நடுவராக இருந்து வாக்குப் போடும் கியூநெட்டி மென்பொருளைப் போட்டு மூன்றாவது வாக்கை அதற்குக் கொடுத்தேன். தனியாக நிற்பவனின் ஒரு வாக்கே போதும் என்று விட்டுவிடும், கோரோசிங்கில் இருந்த டூ-நோட் அமைப்பை எடுத்தாயிற்று. இனி மூன்றில் இரண்டு வாக்கு உள்ளவன்தான் சுடலாம். கியூநெட்டியின் எஃப்எஃப்ஸ்பிளிட் என்ற முறையில், இருவரும் கல்லடியோடு பேச முடிந்தாலும் ஒருவனுக்கு மட்டுமே அந்த வாக்குக் கிடைக்கும்.

சுவிச் இப்போது யூபிஎஸ்ஸில். சேர்வர்களுக்கு நடுவே நேரடிக் கேபிள் ஒன்றும் போகிறது.

சங்கம் பூட்டியிருக்கும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் வந்து ஏதாவதொரு கேபிளைக் கழற்றிப் பார்க்கிறேன். போன போயாவில் இரண்டு இதயத்துடிப்புக் கேபிள்களையும் ஒன்றாகக் கழற்றினேன். இரண்டாவதன் பச்சை விளக்கு அணைந்தது. முதலாவது இடையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. செங்கலடிக் கணக்கைத் திறந்து மீதியைப் பார்த்துவிட்டு, கேபிள்களைத் திரும்பச் செருகினேன்.