அம்மாவும் லிட்கேட் கடற்கரையும்

மே 31, 2025, சனி

மதியம் லிஹூயேவில் இறங்கினோம். சான் ஹோசேயிலிருந்து ஐந்தரை மணி நேரம், பாப்பா பாதி நேரம் என் மடியில்தான். ஹவாயின் இந்தக் கவாய் தீவில் எங்கே திரும்பினாலும் சேவல், கோழி, குஞ்சுகள். 1992இல் இனிக்கி புயல் அடித்தபோது கூண்டு உடைந்து தப்பியவை பெருகிவிட்டன என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்ததுமே தீவு பிடித்துப்போய்விட்டது. ஆனால் கடல் என்றால் தான் அறையிலேயே இருந்துகொள்வதாக டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டாள். 2004 சுனாமிக்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்ததில்லை. நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறாள், வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான், ஆனாலும் போகமாட்டாள். நாங்களும் கேட்பதில்லை.

ஜூன் 1, ஞாயிறு

லிட்கேட் கடற்கரைப் பூங்கா. சின்னப் பிள்ளைகளோடு கவாய் வருகிறவர்கள் முதலில் இங்கேதான் வரவேண்டும் என்பேன். வைலுவா ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, எரிமலைக் கருங்கற்களை அடுக்கிக் கடலுக்குள் அரைவட்டமாகச் சுவர் எழுப்பி இரண்டு குளங்கள் செய்திருக்கிறார்கள். சின்னது குழந்தைகளுக்கு, பெரியது நீந்துகிறவர்களுக்கு. வெளியே அலை சுவரில் மோதி வெள்ளையாகச் சிதறுகிறது, உள்ளே தண்ணீர் லேசாக ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். கல் இடுக்கு வழியாகவும் சுவருக்கு மேலாகவும் மீன்கள் உள்ளே வந்துவிடுகின்றன. கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்று பாப்பாவின் முழங்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, அவள் மூச்சுகூட விடாமல் நின்றாள். இதே பிள்ளைதான் போன வருடம் மெரினாவில் ஒரு அலை காலைத் தட்டிவிட்டதற்கு அரை மணி நேரம் அழுதவள்.

உயிர்காக்கும் காவலர்கள் இருக்கிறார்கள், குளிக்க ஷவர், கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிடக் கூரை போட்ட மண்டபங்கள், எல்லாம் இருக்கின்றன. பவளத்தைக் கெடுக்கிற இரண்டு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பதை ஹவாய் 2021லிருந்து தடை செய்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டு வருபவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துவாருங்கள்.

அம்மா வந்தாள், ஆனால் மண்டபத்தில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த புளியோதரையைக்கூட அப்படியே உட்கார்ந்துதான் பரிமாறினாள்.

ஜூன் 2, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்கவேண்டும்.

காலை 11.45. நானும் பாப்பாவும் குளத்தில், இவர் காரில் எதையோ எடுக்கப் போயிருந்தார். திடீரென்று சைரன். ஒரே சீராக, காது முழுக்க. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மா தண்ணீருக்குள் நிற்கிறாள்! இருபது வருடமாகக் கடல் பக்கம் திரும்பாதவள் இடுப்பளவு தண்ணீரில் புடவையோடு இறங்கி பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு "ஓடு, மேல ஓடு" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவள் கை அப்படி நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

எங்களைத் தவிர யாரும் ஓடவில்லை. மண்டபத்தில் இருந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர்தான் வேகமாக வந்து அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி, ஆன்ட்டி, இது சோதனைதான், ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் இதே நேரத்துக்கு ஊதுவார்கள் என்றார். (ஹவாயில் பெரியவர்களை எல்லாரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் ஊர் மாதிரியே.) அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. நான் சொன்னதை அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். நிஜமாவே சோதனையா? மாசாமாசமா? தண்ணி வரலைன்னாலும் ஊதுவாங்களா?

அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு இப்படி ஒண்ணு ஊதியிருந்தா தம்பி வந்திருப்பான்" என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கீச்சாங்குப்பம் பக்கம் மீன் வாங்கப் போன என் சின்ன மாமா திரும்பவில்லை. அம்மா அவரைப் பற்றித் தானாகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

இரவு தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1946 ஏப்ரல் 1 அன்று அலாஸ்கா பக்கம் நிலம் அதிர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் வந்த அலையில் ஹவாய் தீவுகளில் 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான், 1949இல், இங்கே எச்சரிக்கை மையம் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனபோது இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஹைதராபாத் மையம் வந்தது 2007இல். மூன்று வருடம் முந்தியிருக்கக் கூடாதா என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

கடற்கரை வேண்டாம் என்று காலையில் கவாய் ஆதீனத்துக்குப் போனோம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் வழியில் வந்த மடம், 1970இல் தொடங்கியது. பெங்களூரு பக்கம் உளியால் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய கருங்கல் கோயில், இறைவன் கோயில், 2023இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஈரக் காட்டுக்கு நடுவே அந்தக் கல்லைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மடத்தை ஒட்டி ஒரு ஆறு ஓடுகிறது. "இது எங்க போய்ச் சேருது?" என்றாள். வைலுவாதான், நம்ம குளத்துக்குப் பக்கத்துலதான் என்றேன். சரி என்றாள்.

ஜூன் 4, புதன்

காலையில் எனக்கு முன்னால் கிளம்பி உட்கார்ந்திருந்தாள். பழைய காட்டன் புடவை, தலையை அள்ளி முடிந்திருந்தாள்.

சின்னக் குளத்தில் முதலில் கணுக்கால் வரை. பிறகு பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். சுவரின் மேல் ஒரு பெரிய அலை உடையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள், தண்ணீர் தோள் வரை வந்து இறங்கியதும் திறந்தாள். பாப்பா அந்தக் கோடு போட்ட மீன்களைக் காட்டிக்கொண்டே இருந்தாள், "அம்மாச்சி, அசையாதீங்க, அப்பதான் வரும்." ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். நான் தண்ணீரில் இறங்கவே இல்லை, கரையில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பும்போது அம்மா கேட்டாள்:

"அடுத்து என்னைக்கு ஊதுவாங்க?"

ஜூலை 1, செவ்வாய் என்றேன்.

"நான் ஊருக்குப் போயிருப்பேன். நம்ம ஊர்ல அப்ப மணி என்ன?"

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலை மூணேகால் என்றேன். மூணேகால் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஈர முந்தானையைப் பிழிந்து ஜன்னல் பக்கம் காயப் போட்டாள்.