போனைக் கையில் கொடுக்காதீர்கள்

வாகனச் சோதனையில் டிரைவிங் லைசென்ஸ் கேட்டார்கள். ஒருவர் திறந்த போனையே எதிரில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டார். அது திரும்பி வருவதற்குள் திரையில் ஒரு வங்கி மெசேஜ் வந்து விழுந்தது.

கொடுத்திருக்கவே வேண்டாம்.

மொபைல் லைசென்ஸுக்கான, அதாவது போனிலேயே இருக்கும் டிரைவிங் லைசென்ஸுக்கான, ஐஎஸ்ஓ 18013-5 என்ற சர்வதேசத் தரம் 2021-இல் வந்தது. அதன்படி போன் உங்கள் கையிலேயே இருக்கும். திரையில் வரும் க்யூஆர் கோடைச் சோதிப்பவர் ஸ்கேன் செய்வார், விவரம் ப்ளூடூத் போன்ற வழியில் போகும். என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, நீங்கள் சம்மதித்த பிறகுதான்.

வயது மட்டும் போதுமென்றால் '18 நிறைந்தவர்: ஆம்' என்பது மட்டும் போகும். பிறந்த தேதி போகாது, முகவரி போகாது. பிளாஸ்டிக் அட்டையால் இது முடியவே முடியாது.

விவரத்தைச் சேமித்து வைக்கப் போகிறார்களா என்பதையும் அந்தக் கோரிக்கையே சொல்லும். அதைப் படிக்காமல் 'சரி' அழுத்துவதுதான் பெரிய ஓட்டை. சேமிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுச் சேமித்தால், உங்கள் போன் அதைத் தடுக்க முடியாது. சட்டம்தான் தடுக்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அதில் சரிபார்க்க டிஜிட்டல் கையொப்பம் இல்லை, எல்லா விவரமும் மட்டும் இருக்கும்.

ஸ்கேனர் இல்லாத இடத்தில் திரையை ஒரே ஆப்பில் பூட்டும் வசதியை (ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ்), வெளியேற பாஸ்கோடு கேட்கும்படி போட்டுவிட்டுக் காட்டுங்கள். வேறு ஆப்புக்குள் யாரும் போக முடியாது.