பழவேற்காடு போகிறோம், படகு கிடையாது

6 ஜனவரி 2025, திங்கள்

எட்டாம் வகுப்பைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போக ஹெச்.எம். ஒப்புக்கொண்டுவிட்டார். 25-ஆம் தேதி, சனிக்கிழமை. திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். பூநாரை வரும் காலம், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1613-ல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தையும் காட்டலாம். அறிவியலுக்கும் ஆச்சு, வரலாற்றுக்கும் ஆச்சு.

வகுப்பில் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "மிஸ், போட்டிங் உண்டா?" இல்லை என்றேன், காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதற்கப்புறம்தான் அங்கே உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடை இருந்தாலும் கரையில் யாராவது "வாங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்று கூப்பிடலாம், பிள்ளைகள் கெஞ்சுவார்கள், கூட வந்த பெரியவர்களுக்கும் மனசு இளகும். அதனால்தான் படகு கிடையாது என்று இப்போதே எழுதி, எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கப் போகிறேன். போன வருஷம் ஜனவரி 18-ல் வதோதராவில் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா போன 12 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஆட்கள், எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை இல்லை. இரண்டுமே கரையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள், அதுதான் என்னைத் தூங்க விடாமல் பண்ணுகிறது.

9 ஜனவரி, வியாழன்

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, இந்தப் பயணத்தில் எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னேன், பெயர் போட வேண்டாம் என்றும் சொன்னேன். பாம்பு, பேய் என்று சில தாள்கள். மிச்சமெல்லாம் பஸ்ஸில் வாந்தி எடுத்தால் கிண்டல் பண்ணுவார்கள், என்னை விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்றது, பாத்ரூம் இருக்குமா. ஒரு தாளில் இப்படி: "வெளியே எங்க போனாலும் நான் காலைலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டேன் மிஸ்." இதையே வேறு வேறு கையெழுத்தில் இன்னும் சில பெண் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள்.

வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிற பிள்ளை மயங்கி விழுந்தால் நாம் என்ன சொல்லுவோம்? "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்போம். ஆகவே எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கழிவறை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, இதெல்லாம்தான் என் திட்டத்தில் முதல் பக்கம். நாப்கின் பையும் அதில் வரும், அதைக் கேட்டு வாங்க வேண்டாம், பையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

10 ஜனவரி, வெள்ளி

பெற்றோர் கூட்டம். காசிமேட்டுக்கு மீன்பிடிக்கப் போகிற ஒரு அப்பா எழுந்து, "எம்புள்ளைக்கு நீச்சல் தெரியும் மிஸ், அவனப் பத்திக் கவலப்படாதீங்க" என்றார். நீச்சல் தெரிந்த பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவன்தான் முதலில் இறங்குவான், அவனைப் பார்த்துத் தெரியாதவன் இறங்குவான். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கிப் போனார்கள். கிளம்பியது விளையாடத்தான், ஆறு வழியில் வந்தது. திட்டத்தில் இல்லாத இடத்தில் பஸ் நிற்காது என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம், அவருக்கும் புரிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு அம்மா ஓரமாக நின்றிருந்தார். பையனுக்கு வலிப்பு வரும், மாத்திரை சாப்பிடுகிறான். "அவன் வரல மிஸ், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு." போன பள்ளியில் இரண்டு முறை அவனை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பொறுப்பு எடுக்க முடியாது என்று சொல்லி.

இதை நான் பாதுகாப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டால் பள்ளிக்கு ஆபத்து இல்லை, அவ்வளவுதான். உட்கார வைத்துக் கேட்டேன்: கடைசியாக எப்போது வந்தது, வருவதற்கு முன் ஏதாவது தெரியுமா, எவ்வளவு நேரம் இருக்கும், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. தூக்கம் கெட்டால் வரும் என்றார். சரி, முந்தின நாள் இரவு அவன் சீக்கிரம் தூங்க வேண்டும், மாத்திரை நேரம் தவறக் கூடாது, தண்ணீர் ஓரத்தில் அவன் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆசிரியர். கூட வருகிற எல்லோருக்கும் ஒரே பாடம்: ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்குக் கீழே துணி, வாயில் எதுவும் வைக்காதே, கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதே, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

12 ஜனவரி, ஞாயிறு

பி.டி. சாருடன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போகாமல் திட்டம் போடுவது வீண் வேலை. போன் சிக்னல் எங்கே விட்டுப் போகிறது, நிழல் எங்கே, பஸ் எங்கே திரும்பும், எல்லாம் குறித்தாயிற்று. பெரிய விஷயம் என்றால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் முகத்துவாரம், அதாவது ஏரி கடலோடு சேரும் இடம், பற்றிக் கேட்டேன். ஏரித் தண்ணி கடலுக்கு வத்தும் நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்றாலே காலடி மணலை உருவிக்கொண்டு போகும், நிற்கிறவனுக்குத் தெரியாது, நாலடி தள்ளிப் பள்ளம் என்றார். பேசிக்கொண்டே தன் காலால் ஈர மணலைச் சுரண்டிச் சுரண்டிக் குழி பறித்துக் காட்டினார், பக்கத்து மணல் அதற்குள் சரிந்து சரிந்து விழுந்தது. முகத்துவாரமும் கடற்கரையும் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. ஏரிக்கரையில் நின்று பறவை பார்ப்போம், கணுக்கால் நனையக் கூடாது.

21 ஜனவரி, செவ்வாய்

பொங்கல் முடிந்து பஸ் பார்க்கப் போனோம். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் சரி, எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண் போட்டுப் பார்த்தோம். அவசர வழிக் கதவைத் திறந்து காட்டுங்கள் என்றேன். கைப்பிடி பாதி திரும்பி நின்றுவிட்டது. பி.டி. சார் வெளியிலிருந்து இழுக்க, கீலிலிருந்து துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது, கதவு அசையவில்லை. போதாததற்கு அதன் முன்னால் கூடுதலாக ஒரு சீட் போல்ட் போட்டிருந்தது. தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் பச்சைக்குக் கீழே. "இதெல்லாம் யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார் வண்டிக்காரர். வேறு பஸ் கேட்டோம், கொடுத்தார். அதில் கதவைப் பத்து வயதுப் பிள்ளைகூடத் திறக்கலாம்.

டிரைவர் பற்றியும் கேட்டோம். தை மாதம், மேல்மருவத்தூர் டிரிப் ஓடுகிற காலம். வெள்ளி இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் நம் பிள்ளைகளை ஏற்றக் கூடாது, அதை எழுதி வாங்கினோம். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான். 2022 அக்டோபரில் ஊட்டிக்கு இரவில் கிளம்பிய பள்ளிச் சுற்றுலா பஸ் கேரளாவில் வடக்கஞ்சேரியில் அரசு பஸ் மேல் மோதி 9 பேர் இறந்ததை மறக்க முடியவில்லை, அதில் 5 பேர் மாணவர்கள். நமக்கோ மீஞ்சூர், மணலி பக்கம் ராத்திரியில் கன்டெய்னர் லாரி வரிசை வேறு.

25 ஜனவரி, சனி, இரவு

வந்து சேர்ந்தோம், எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று.

ஜோடி ஜோடியாகப் பிரித்தது நன்றாக வேலை செய்தது. கல்லறைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது எண்ணினால் ஒரு ஆள் குறைகிறது. மொத்தத்தை மட்டும் எண்ணியிருந்தால் யார் என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "ஜோடி இல்லாதவங்க கை தூக்குங்க" என்றதும் ஒரு கை, "மிஸ், அவ வாசல்ல அந்த எலும்புக்கூடு செதுக்கின கல்லைப் பார்த்துக்கிட்டிருக்கா." அங்கேதான் இருந்தாள், நோட்டில் வரைந்துகொண்டு.

கரையில் படகுக்காரர் ஒருவர் கூப்பிடத்தான் செய்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகளே "வேணாம்ணா, தடை இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். பூநாரைகள் தூரத்தில்தான் நின்றன, ஒரு பைனாகுலருக்கு அத்தனை பேரும் சண்டை. வலிப்பு வரும் பையன் மதியம் மாத்திரை நேரத்தில் அவனாகவே வந்து கை நீட்டினான், மற்றபடி அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஏகப்பட்ட சத்தம் போட்டான்.

27 ஜனவரி, திங்கள்

ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசினோம். வாந்தி மாத்திரை கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும், பஸ் ஏறும்போது கொடுத்துப் பயன் இல்லை. முதலுதவிப் பெட்டி பஸ்ஸில் இருக்கக் கூடாது, நடக்கிறவர் தோளில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில்கள் பெரும்பாலும் காலியாகத் திரும்பின, பெண் பிள்ளைகளுடையதும்தான்.

ஒன்பதாம் வகுப்பு இப்போது ஏலகிரியில் இரண்டு இரவு முகாம் கேட்கிறது. அது வேறு கணக்கு. கொண்டை ஊசி வளைவுகள், ராத்திரியில் யார் எந்த அறைக்குப் பொறுப்பு, எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது என்ற விதி, விடுதி ஆட்களுக்கும் அதே விதி, குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 எண்ணை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பது. மலையிலிருந்து ஆம்புலன்ஸ் கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே இருப்பவர்களிடமே கேட்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பி.டி. சாரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அப்புறம்தான் ஹெச்.எம்.மிடம் தேதி கேட்பதாக இருக்கிறேன்.