‘யூ மஸ்ட் டயர்ட்’ என்று எழுதியவள் சொல்கிறேன்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் செம்பனை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், அப்புறம் இடைநிலைப்பள்ளி. ஆங்கிலத்தில் பேச ஆள் கிடையாது. ‘கேன் ஆ?’, ‘கேன் லா’ என்பதுதான் நாள் முழுக்க நாங்கள் பேசிய ஆங்கிலம். அங்கே கேன் ஒன்றே முழு வாக்கியம், பின்னால் எதுவும் வர வேண்டியதில்லை. தேர்வுத் தாளில் வந்தாக வேண்டும். என் தொல்லை அங்கேதான் தொடங்கியது.

எஸ்.பி.எம். என்பது இங்கே இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. அதன் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியில் ஏறக்குறைய 80 சொற்களில் ஒரு பதில் எழுத வேண்டும். நண்பருக்கு யோசனை சொல்லும்படி வந்தால் ஷுட், மஸ்ட், கேன் மூன்றும் இல்லாமல் எழுத முடியாது. பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் நான் எழுதியது இது: ‘யூ மஸ்ட் டயர்ட். யூ ஷுட் டு ஸ்லீப் எர்லி. யுவர் மதர் கேன் ஹெல்ப்ஸ் யூ.’ மூன்று வாக்கியம், மூன்று சிவப்பு வட்டம்.

மஸ்ட், ஷுட், கேன் போன்ற துணைவினைகளின் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தேன். பட்டியல் மனத்தில் நின்றது, வட்டங்கள் குறையவில்லை. பிறகு ஒருநாள் தமிழ்ப் பாடத்துக்காக எச்சம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. போக வேண்டும், போக முடியும், போகக் கூடும். ‘போக’ மாறவே இல்லை. நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். யார் போனாலும் அதே ‘போக’, அதே ‘வேண்டும்’. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ஐ மஸ்ட் கோ, ஷி மஸ்ட் கோ. ‘கோஸ்’ வராது, ‘மஸ்ட்ஸ்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. நடுவில் ‘டு’வும் வேண்டாம். ‘போக’ என்பதை ‘டு கோ’ என்று படித்துப் பழகியதால்தான் அந்த ‘டு’ ஒட்டிக்கொள்கிறது. ‘ஆட் டு’ மட்டும் விதிவிலக்கு. அதை ஒரே சொல்லாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘மஸ்ட் டயர்ட்’. இதற்கு நான் மலாயைத்தான் குறை சொல்வேன். ‘டியா மெஸ்தி பெனாட்’ என்றால் அவன் களைத்திருப்பான் என்று பொருள். மெஸ்திக்கும் பெனாட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நான் அந்த அச்சில் ஆங்கிலத்தை வார்த்திருக்கிறேன். தமிழில் அப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அவன் களைப்பாக வேண்டும்’. வேறு ஏதோ பொருளாகிவிடுகிறது. ‘களைப்பாக இருக்க வேண்டும்’ என்றால்தான் சரி. அந்த ‘இருக்க’தான் ஆங்கிலத்தில் ‘பி’. ‘அவன் நல்லவன்’ என்று சொல்லும்போது இந்த ‘இருக்க’ நமக்குத் தேவையில்லை, ‘வேண்டும்’ வந்துவிட்டால் ‘நல்லவனாக இருக்க வேண்டும்’. ஆகவே பெயரடை வந்தால் முன்னே ‘பி’: மஸ்ட் பி டயர்ட், ஷுட் பி கேர்ஃபுல், மைட் பி லேட். ஈஸ், ஆர் எல்லாம் அந்த இடத்தில் நுழையாது.

அப்படியானால் ‘டு’வுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, பெயரடைக்குப் பின்னால். ‘எழுதச் சுலபமாக இருக்கும்’ என்பது ‘இட் வில் பி ஈஸி டு ரைட்’. ‘உன்னைப் பார்த்தால் பாட்டி சந்தோஷப்படுவார்’ என்பதை ‘கிராண்ட்மா வில் பி ஹேப்பி டு ஸீ யூ’ என்று எழுதலாம். வில், பி, ஹேப்பி, டு, ஸீ என்று தோட்டத்து லயத்து வீடுகள் மாதிரி வரிசையாக நிற்கும். இந்த ஒரு வரிசையைப் பத்து வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். மனப்பாடப் பட்டியலைவிட இது எனக்கு உதவியது.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. ‘நாளைக்கு வர முடியும்’ என்பதை ‘வில் கேன் கம்’ என்று எழுதாதீர்கள். இரண்டு துணைவினைகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்காராது. ‘வில் பி ஏபிள் டு கம்’ என்று வர வேண்டும். ஏபிள் ஒரு பெயரடை, அதனால்தான் முன்னே ‘பி’, பின்னே ‘டு’. மேலே சொன்ன அதே வரிசைதான்.

எஸ்.பி.எம்.மில் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கினேன். முழுத் தாளையும் படிக்கவில்லை. மஸ்ட், ஷுட், கேன் எங்கே இருக்கிறதோ அங்கே விரலை வைத்து, அடுத்த சொல்லை மட்டும் பார்த்தேன். இரண்டு இடத்தில் ‘பி’ விட்டுப் போயிருந்தது, சேர்த்தேன்.

இப்போது பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். இன்னும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘பஸ் போயிருக்க வேண்டும்’ என்றால் ஊகம்: மஸ்ட் ஹேவ் கான். ‘நேற்றே போயிருக்க வேண்டும்’ என்று அம்மா திட்டினால் போகவில்லை என்று பொருள்: ஷுட் ஹேவ் கான். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வேண்டும்’தான். எழுதும் முன் ‘போனாயா, போகவில்லையா?’ என்று எனக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன்.