தூத்துக்குடிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

திருச்செந்தூர் போகிற கார்கள் எல்லாம் எங்கள் ஊர் பைபாஸில் ஒரு டீயோடு கிளம்பிவிடுகின்றன. கேட்டால், "அங்கே என்ன இருக்கு, துறைமுகமும் உப்பளமும்தானே" என்பார்கள். ஆமாம், அதுதான் இருக்கிறது. மணலும் அலையும் தேடி வந்தால் ஏமாந்துதான் போவீர்கள், பெரிய அலைகூடக் கிடையாது. ஆனால் ரெண்டாயிரம் வருஷமாக ஒரு ஊர் கடலை வைத்தே எப்படிப் பிழைத்து வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால், தமிழ்நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தொடங்க வேண்டிய இடம் ஊருக்குத் தெற்கே இருக்கிற கொற்கை. பாண்டியர்களின் துறைமுகம், சங்கப் பாட்டில் முத்துக்குப் பேர்போன ஊர். இங்கே தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்துக் குளிக்கிறார்கள் என்று ஒரு பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில்கூட இருக்கிறது. இப்போது போனால் சுற்றிலும் வயலும் வாழையும்தான், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அப்புறம் துறைமுகம் பழையகாயலுக்கு மாறியது, அதன் பிறகுதான் தூத்துக்குடிக்கு மவுசு வந்தது. முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதற்கப்புறம் சிப்பி இல்லை, சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

முத்துக்காகத்தான் போர்த்துகீசியர் வந்தார்கள். 1530-களில் இங்கே முத்துக்குளித்த பரதவர்கள் மொத்தமாகக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள், 1542-இல் சவேரியார் வந்தார். பனிமய மாதா கோயிலில் இருக்கிற மாதா சுரூபம் (சிலை) 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள், இப்போதுள்ள கோயில் 1713-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்த நாட்களில் வந்தால் தங்க இடம் கிடைக்காது, வராமலும் இருக்காதீர்கள். எல்லா மதத்துக்காரர்களும் வந்து நிற்கிற திருவிழா அது. 1658-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய திரித்துவ ஆலயமும் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையில் இருந்த மூன்று எழுத்தும் வி.ஓ.சி.தான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும்.

நம்ம வ.உ.சி.யின் கதையைப் பள்ளிக்கூடத்தில் செக்கோடு முடித்துவிடுகிறார்கள், வியாபாரத்தை யாரும் சொல்வதில்லை. 1906-இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய் என்று ஊர் ஊராகப் போய் விற்றார். கொழும்புக்குக் கப்பல் விட்டதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள், கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகிறோம், ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். அதையும் மீறி சனங்கள் காசு கொடுத்து சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பதுதான் ஆளவந்தவர்களை உறுத்தியிருக்க வேண்டும். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார், அதில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 12-இல் அவரைக் கைது செய்தார்கள். ரெண்டு ஆயுள் தண்டனை, அப்பீலில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார், ஆனால் கம்பெனி அதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. 1936-இல் இதே ஊரில்தான் இறந்தார். துறைமுகத்துக்கு அவர் பெயரை வைக்க 2011 ஆயிற்று, கொஞ்சம் தாமதம்தான்.

சரி, கொழும்புக் கப்பல் என்ன ஆனது? சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் தூத்துக்குடி வரைக்கும் வரும், இங்கே இறங்கிக் கப்பல் ஏறுவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. 2011-இல் மறுபடி ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதங்களில் நின்றுவிட்டது. அந்த வருத்தம் ஊரில் பெரியவர்களிடம் இன்னும் உண்டு.

1974-இல் திறந்த புதுத் துறைமுகத்தை அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அதனால் குறையில்லை, பழைய துறைமுகத்துப் பக்கம் போங்கள். மரத்தில் கட்டிய தோணிகள் காய்கறியையும் வீடு கட்டுகிற சாமானையும் ஏற்றிக்கொண்டு இன்றைக்கும் மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் ஓட்டமில்லை, கரையில் கட்டிக்கிடக்கும். கன்டெய்னர் காலத்தில் இது எப்படி இன்னும் கட்டுபடியாகிறது என்று நானே பலரிடம் கேட்டிருக்கிறேன், பெரிய கப்பல் போகாத சின்னத் துறைக்கும் தோணி போகும் என்பார்கள்.

உப்பளத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையில் போங்கள். வாருபலகையை வைத்து உப்பை இழுத்து வரப்பில் குவித்துக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்கு மேல் வெயிலும் உப்பும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும், வருஷக்கணக்காக அதில் நிற்கிறவர்கள் கண் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு, ராத்திரி 'நைட் கிளப்' என்று போர்டு பார்த்து மிரளாதீர்கள், எங்கள் ஊரில் அது பரோட்டாக் கடை. சால்னாவை ஊற்றிப் பிசைந்து ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். மக்ரூன் போர்த்துகீசியர் விட்டுப்போனது என்பார்கள், அதில் போடுகிற முந்திரியும் அவர்கள் நாட்டுக்குக் கொண்டுவந்ததுதான். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும், அவ்வளவே. வாங்கினால் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் சென்னை போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும்.