தலை தெறித்த போல்ட்

ஜூன் 10

நேற்று மாலை மோட்டார் பீடத்தில் முறுக்கி முடித்த பன்னிரண்டு அலன் போல்ட்டுகளில் இரண்டின் தலை காலையில் தரையில் கிடந்தது. ராத்திரி மோட்டார் ஓடவே இல்லை. இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் அளவும் சரி. சும்மா நின்றபடியே முறிந்திருக்கின்றன.

ஜூன் 11

முறிந்த முகத்தை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். கழுத்து இழுபட்டுச் சுருங்கவில்லை. கற்கண்டை உடைத்த மாதிரி மினுக்கும் மணிகள். மணிக்கும் மணிக்கும் இடையிலேயே விரிசல் ஓடியிருக்கிறது. வெளியே துத்தநாகப் பூச்சு புதுசாகப் பளபளக்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. இரும்பைக் காக்கப் போட்ட பூச்சு வழியாகவே வினை வந்திருக்கிறது என்று தோன்றியதும் வயிற்றைப் பிசைந்தது.

ஜூன் 12

பிளேட்டிங் பட்டறைக்குப் போனேன். ஆசிட்டில் கழுவும்போதும் மின்பூச்சு ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். நாங்கள் போட்ட 12.9 மிக வலுவான போல்ட் தரம்; அதன் கடினம் 39க்கு மேல் (ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில்). இவ்வளவு கடினமான எஃகு அதைத் தாங்காது, நொறுங்கும் தன்மை வந்துவிடும். அந்த ஹைட்ரஜன் வெளியேற, பூச்சு முடிந்து 4 மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும்.

“கரண்ட் போயிடுச்சு சார், மறுநாள்தான் ஓவன்ல வச்சோம்” என்றார் பட்டறைக்காரர். அவரை என்ன சொல்ல? ஆர்டரில் நான் அதை எழுதவே இல்லை.

ஜூன் 14

தூக்கம் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பே பாலத்தின் புதுக் கிழக்குப் பகுதி நினைவுக்கு வந்தது. 2013 மார்ச்சில் 3 அங்குல விட்டமுள்ள 96 நங்கூரக் கம்பிகளை இழுத்து இறுக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் 32 முறிந்தன. அவையும் துத்தநாகம் பூசிய கடின எஃகுதான். 2008இல் பதித்தவை, தண்ணீர் தேங்கிய குழிகளில் வருடக்கணக்காக நின்றவை. அவற்றின் வேலையைச் செய்ய, சேணம் மாதிரி ஒரு எஃகு அமைப்பை மாட்டிய கதை தனி.

ஜூன் 17

இந்த இடத்துக்கு 12.9 எதற்கு? வலுவானது நல்லது என்று வரைபடத்தில் போட்டுவிட்டோம், அவ்வளவுதான். கணக்குப் போட்டேன். எம்16 (16 மி.மீ. விட்டம்), 12.9 அறுபடும் சுமை 191 கிலோநியூட்டன். எம்20 (20 மி.மீ.), கடினம் குறைந்த 8.8 தரம் என்றால் 203. நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சுமை மட்டும் கொஞ்சம் குறைவு: 152க்குப் பதில் 147. இந்தப் பீடத்துக்கு அது தாராளம். துளையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 18

மிச்சம் பத்தையும் கழற்றினோம். ஒன்றின் தலைக்கடியில், நகம் சிக்குகிற அளவுக்கு ஒரு கோடு.